தோளிலிருந்து முழங்கை வரை

என்னுடைய கால்சட்டைத் துணி ஒன்று எங்கள் தெருமுனைத் தையல் கடையில் வெட்டப்படாமல் கிடக்கிறது. அந்தக் கோபத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். அந்தக் கடையின் கட்டிங் மாஸ்டருக்கு வலது கை போய்விட்டது. போய்விட்டது என்றால், கை இருக்கிறது. இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. நாட்டிலேயே பெரிய நிபுணர்கள் கூடி அதை மதிப்பீடு செய்திருக்கிறார்கள். கத்தரிதான் பிடிக்க முடியவில்லை.

மாஸ்டர் அதிகம் பேசாதவர். துணியை மேசையில் விரித்து, சாக்பீஸால் இரண்டு கோடு இழுத்து, அந்தப் பெரிய கத்தரியை எடுத்தாரென்றால் மறு கோடு போட்டுப் பார்த்ததில்லை. பட்டன் வைப்பதும் காஜா எடுப்பதும் அவர் மனைவி. இரண்டு பேருக்கும் அந்தக் கத்தரிதான் சோறு போட்டது.

ஒரு விடுமுறை நாளில் மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "மாமா, வாங்க, ஒரு கை பாக்கலாம்" என்றார். மாஸ்டரும் சிரித்துக்கொண்டே எதிரே உட்கார்ந்து கையைக் கொடுத்தார். இரண்டு கையும் நடுவில் நின்று நடுங்கின. திடீரென்று 'டக்' என்று ஒரு சத்தம்.

"போச்சு, மேசைக் கால் உடைஞ்சிடுச்சு!" என்றார் மனைவி. எல்லோரும் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்கள். மாஸ்டரால் குனிய முடிந்திருந்தால் அவரும் பார்த்திருப்பார். மேசைக்கு நான்கு காலும் நன்றாக இருந்தன. உடைந்தது மாஸ்டரின் மேல்கை எலும்பு.

லைனிங் துணியில் ஒரு தூளி கட்டிக் கையைத் தொங்கவிட்டு, எலும்பு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். "நாலு வார்த்தை பேசத் தெரிஞ்சவர் நீங்க, கூட வாங்க சார்" என்று மாஸ்டரின் மனைவி கூப்பிட்டதால் நானும் போனேன். என் நாலு வார்த்தையும் எதற்கும் உதவவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். எலும்பு முறுக்கிக்கொண்டு உடைந்திருந்தது. "கவலைப்படாதீங்க, சரி பண்ணிடலாம். எப்படி ஆச்சு?" என்றார்.

மாஸ்டர் நடந்ததைச் சொன்னார். டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"கை மடக்குற பந்தயமா? அப்படின்னா இது விளையாட்டுக் காயம். நான் தொடக்கூடாது. அதுக்குன்னு தனி மையம் ஆரம்பிச்சிருக்காங்க."

"நீங்களே ஒரு கட்டுப் போட்டு விட்டுடுங்களேன்" என்றார் மனைவி.

"போன வருஷம் அப்படித்தான் ஒருத்தருக்குப் போட்டேன். ஓடிப் பிடிச்சு விளையாடும்போது விழுந்தாராம். எனக்குத் தெரியாது. அதுக்கு இன்னும் விளக்கம் எழுதிக்கிட்டிருக்கேன். பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லியிருந்தீங்கன்னா இந்நேரம் கட்டுப் போட்டு முடிச்சிருப்பேன்."

"அப்போ அப்படியே வெச்சுக்கோங்க. பாத்ரூம்லதான் விழுந்தாரு."

"இனிமே முடியாதும்மா. நான் காதால கேட்டுட்டேன்."

மாஸ்டர் மெல்ல, "டாக்டர், மணிக்கட்டு தூக்க வரலைங்க. தொங்குது" என்றார். டாக்டர் அந்தப் பக்கம் பார்க்காமலே, "அதையும் அங்கேயே சொல்லுங்க" என்றார்.

மையம் பக்கத்துத் தெருவில்தான் இருந்தது. கண்ணாடிக் கட்டடம். நாங்கள் வாசலில் கால் வைத்ததும் காவலாளி துப்பாக்கி சுட்டதுபோல ஒரு கை தட்டு தட்டினார். உடனே உள்ளே இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நினைத்து நாங்கள் மூன்று பேரும் சுவரோரம் ஒதுங்கினோம். கை தட்டல் எங்களுக்குத்தான். அந்த மையத்தில் யார் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் எல்லோரும் கை தட்ட வேண்டும். அது அவர்கள் வழக்கம்.

ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பெண் முன்னால் வந்தார். "வாங்க வீரரே!"

"நோயாளி இவர்தாங்க" என்றேன் நான்.

"இங்க நோயாளின்னு யாருமே கிடையாது சார். எல்லாரும் வீரர்தான். வீரரே, உங்க அடுத்த போட்டி எப்போ?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அவர் மனைவியைப் பார்த்தேன். "அடுத்த போட்டியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. எனக்குக் கத்தரி பிடிக்க வந்தாப் போதும்" என்றார் மாஸ்டர்.

"கத்தரி எந்த விளையாட்டுல வருது?"

"விளையாட்டு இல்லைங்க, தொழில். இதோ பாருங்க, மணிக்கட்டு தூக்க வரலை."

அந்தப் பெண் இரக்கத்தோடு சிரித்தார். "மணிக்கட்டு அடுத்த கட்டடம். நாங்க தோள்லேருந்து முழங்கை வரைக்கும்தான் பாப்போம். இங்க முடிச்சு அனுப்பினாத்தான் அங்க எடுத்துக்குவாங்க. முதல்ல களத்துக்குத் திரும்புற வழியப் பாப்போம்."

மையத்தின் தலைவர் அன்றைக்குப் புதிய வீரர்களுக்கு வரவேற்புரை ஆற்றினார். நல்ல உயரம், கணீர்க் குரல், தோளில் கை தைத்த இடத்தில் ஒரு சுருக்கமும் இல்லாத சட்டை. மாஸ்டர் அந்தச் சட்டையின் தோள் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலும்பு உடையுறது இந்த நாட்டுல பிரச்சினையே இல்ல" என்றார் தலைவர். "உடைஞ்ச உடனே ஓடிப்போய்க் கட்டுப் போட்டுடுறாங்க பாருங்க, அதுதான் பிரச்சினை! கட்டுப் போட்டு மறைச்சுட்டா அந்தக் காயத்தை யார் படிக்கிறது? அதனால இங்க முதல்ல மதிப்பீடு. மதிப்பீடு முழுமையா முடிஞ்ச பிறகுதான் சிகிச்சை. பெருமையாச் சொல்றேன், இந்த மையம் ஆரம்பிச்ச நாள்லேருந்து இதுவரைக்கும் ஒரே ஒரு தப்பான சிகிச்சைகூட நடந்ததில்ல."

நான் கையைத் தூக்கி, "சரியான சிகிச்சை எத்தனைங்க?" என்று கேட்டேன்.

"அந்தக் கட்டத்துக்கு இன்னும் யாரும் வரலை" என்றார் தலைவர். எல்லோரும் கை தட்டினார்கள்.

மதிப்பீடு தொடங்கியது. முதலில் இடது கை. உடைந்த கையை எதோடு ஒப்பிடுவது, நல்ல கையோடுதானே? மாஸ்டர் இடது கையால் பந்து எறிந்தார், எடை தூக்கினார், கயிறு இழுத்தார். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் வலது கை லைனிங் தூளிக்குள் ஆடியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். இடது கை மிக நன்று என்று முடிவானது. பிறகு கால்கள். "காலுக்கு ஒண்ணுமில்லைங்களே" என்றதற்கு, "கால் இல்லாம எந்த வீரர் களத்துக்குத் திரும்புவார்?" என்று ஓட விட்டார்கள். காலும் மிக நன்று. வலது கைக்கு வரும்போது, "கையைத் தலைக்கு மேல தூக்குங்க" என்றார்கள். தூக்க முடியவில்லை. வீரர் ஒத்துழைக்கும் வரை அந்தப் பகுதி தள்ளி வைக்கப்பட்டது.

ஒவ்வொரு அறையிலும் மாஸ்டர் மறக்காமல் மணிக்கட்டைக் காட்டினார். ஒவ்வொரு அறையிலும் அவர்கள் சன்னல் வழியாக அடுத்த கட்டடத்தைக் காட்டினார்கள்.

கடைசியில் மன வலிமை பார்க்கும் நிபுணரிடம் அனுப்பினார்கள். அவர் குரலைத் தாழ்த்தி, "தோத்துப்போனதை மனசு ஏத்துக்கிச்சா?" என்று கேட்டார்.

அதுவரை எது கேட்டாலும் 'சரிங்க' என்றே சொல்லிவந்த மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் தோக்கலைங்க. உடையறப்போ என் கைதான் மேல இருந்துது."

அவர் மனைவி ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ரோஷம் வந்தது, அதையும் வரக்கூடாத இடத்தில் வரவழைத்துக்கொண்டார். நிபுணர் பதறி எழுந்தார். வெற்றிக் காயம் மூன்றாவது மாடியாம், தோல்விக் காயம் இரண்டாவது மாடியாம். இவ்வளவு நாளும் தவறான மாடியில் மதிப்பீடு நடந்திருக்கிறது! யார் ஜெயித்தார் என்பது உறுதியாகாமல் இனி ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. விஷயம் தலைவர் வரைக்கும் போனது. சம்பவத்தை அப்படியே மறுபடி நடத்திப் பார்த்துவிடலாம் என்று அவர் உத்தரவிட்டார்.

"அதே எதிராளி, அதே மேசை, அதே சாப்பாடு" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"சாப்பாடு எதுக்குங்க?" என்றார் மாஸ்டரின் மனைவி.

"வயிறு காலியா இருந்தா பலம் மாறிடும்ல?"

அக்கா முகம் பார்க்க வெட்கப்பட்டு ஒளிந்து திரிந்த தம்பியை நான்தான் தேடிப் பிடித்தேன். "நான் வேணும்னா ஜெயிலுக்குப் போறேன் சார், மாமா கையை மட்டும் சரி பண்ணச் சொல்லுங்க" என்று அழுதார். ஜெயிலில்கூட இவ்வளவு கேள்வி கேட்க மாட்டார்கள் என்று சமாதானம் சொன்னேன். சாப்பாட்டு மேசை ஒரு சரக்கு வண்டியில் ஏறி மையத்துக்கு வந்தது. வாசலில் காவலாளி மேசைக்கும் கை தட்டினார்.

மாஸ்டரின் கையை வைத்து நடத்த முடியாதென்பதால் அவர் இடத்தில் தலைவரே உட்கார்ந்தார். தூக்குச் சட்டியில் வந்த சாப்பாட்டை, துல்லியம் கருதி, அவரே சாப்பிட்டார். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். சுற்றிலும் நிபுணர்கள் நின்றார்கள். தலைவர் சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கையை ஊன்றினார்.

நான் தம்பியின் காதில், "பாத்து, லேசாப் பிடி" என்றேன். தலைவருக்குக் கேட்டுவிட்டது.

"லேசா எல்லாம் கூடாது! அன்னைக்கு எவ்வளவு பலமோ அவ்வளவு. குறைச்சா மதிப்பீடு தப்பாயிடும். தம்பி, மனசுல கோபம் ஏதாவது இருந்தா அதையும் சேர்த்துக்கோ."

தம்பியின் மனதில் அன்றைக்குக் கோபத்துக்குப் பஞ்சமில்லை.

கைகள் நடுவில் நின்று நடுங்கின. தலைவர் நிபுணர்களைப் பார்த்துப் பாடம் நடத்த ஆரம்பித்தார். "நல்லா கவனிங்க. தோள் உள்பக்கமாத் திரும்புது. முன்கை வெளிப்பக்கம் போகுது. நடுவுல மாட்டின இந்த மேல்கை எலும்பு, துணி பிழியற மாதிரி முறுக்கி..."

டக்.

நிபுணர்கள் அத்தனை பேரும் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்கள். மாஸ்டர் மட்டும் பார்க்கவில்லை. அவருக்கு அந்தச் சத்தம் தெரியும்.

தலைவர் போட்ட அலறலில் வாசலில் இருந்த காவலாளி ஓடி வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் துடிப்பதைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் கை தட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள். ஒருங்கிணைப்பாளரும் தன்னை மறந்து, "வாங்க வீரரே, உங்க அடுத்த போட்டி..." என்று ஆரம்பித்துவிட்டார்.

"வாயை மூடும்மா!" என்றார் தலைவர். "நான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்! எல்லாரும் கேட்டுக்கோங்க, பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்! என்னை எலும்பு ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க! சீக்கிரம்!"

தூக்குவதற்குத் தெரிந்தவர் அங்கே மூட்டை தூக்கும் தம்பி ஒருவர்தான். அவர் தலைவரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கு ஓடினார். பின்னாலேயே நாங்களும் ஓடினோம்.

எலும்பு டாக்டர், "எப்படி ஆச்சு?" என்றார்.

"பாத்ரூம்."

டாக்டர் வேறு எதுவும் கேட்கவில்லை. கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "மணிக்கட்டைக் கொஞ்சம் தூக்குங்க பாக்கலாம்" என்றார். தலைவர் பயந்துகொண்டே தூக்கினார். மணிக்கட்டு எழுந்து நின்றது. "அப்பாடா, நரம்பு தப்பிச்சுது" என்றார் டாக்டர். தலைவர் குழந்தைபோல அழுதுவிட்டார்.

மாஸ்டர் ஓரடி முன்னால் வந்தார். "டாக்டர், தூக்க வரலைன்னா என்னங்க அர்த்தம்?"

"எலும்பை ஒட்டிச் சுத்திக்கிட்டு ஒரு நரம்பு போகுது. அது மாட்டிக்கிட்டா மணிக்கட்டு தொங்கிடும். அதைத்தான் முதல்ல பாக்கணும். கையை ஆடாம நிறுத்தி, மணிக்கட்டுக்கு ஒரு பட்டை குடுத்துத் தாங்கி வெச்சு, கூடவே பாத்துக்கிட்டே இருந்தா பெரும்பாலும் அதுவாவே..." என்று சொல்லிக்கொண்டே திரும்பியவர் லைனிங் தூளியைப் பார்த்தார். அதன் நுனியில் தொங்கிய கையைப் பார்த்தார். "நீங்க அந்தக் கை மடக்கினவர்தானே?" என்றார் மெதுவாக.

"ஆமாங்க."

"இன்னுமா மதிப்பீடு முடியலை?"

"இல்லைங்க. நீங்களே பாத்துடுங்களேன்."

டாக்டர் தரையைப் பார்த்தார். "மதிப்பீட்டுல இருக்கிற வீரரை நான் தொட்டா எனக்கு வேலை போயிடும். ஆனா சீக்கிரம் யார்கிட்டயாவது காட்டிடுங்க."

"யார்கிட்டங்க?"

அவர் தலைவரின் பக்கம் திரும்பிக்கொண்டார். தலைவருக்குக் கட்டுப் போட வேண்டியிருந்தது. அந்த இடத்தில் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எதையாவது உடைத்திருக்க வேண்டும். ஆனால் அங்கே எல்லாமே ஏற்கெனவே உடைந்துதான் வந்திருந்தன.

தலைவர் ஓய்வில் இருந்த காலம் முழுக்க மாஸ்டரின் மதிப்பீடும் ஓய்வில் இருந்தது. மறுபடி நடத்திக் காட்டியதில் வேறொருவர் எலும்பு உடைந்ததால் அது செல்லாதாம். ஆனாலும் வாரம் தவறாமல் வரச் சொன்னார்கள், தவறாமல் கை தட்டினார்கள். மேசையைத் திருப்பிக் கேட்டதற்கு அது சம்பவத்தில் சம்பந்தப்பட்டது என்று சொல்லிவிட்டார்கள். மாஸ்டர் வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவருக்கு இடது கையால் சாப்பிடப் பழகவில்லை. மனைவி பிசைந்து ஊட்டிவிட்டார். கடையில் இடது கையால் வெட்டிப் பார்த்தார். வலது கைக்காரருக்காகச் செய்த கத்தரி துணியைக் கடித்து இழுத்ததே தவிர வெட்டவில்லை. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகத் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். நான் மட்டும் வாங்கவில்லை.

எலும்புக்கு இந்த மாடி விவகாரமெல்லாம் தெரியாது. யாரையும் கேட்காமல், கொஞ்சம் கோணலாக, அதுவாகவே ஒட்டிக்கொண்டது. புது எக்ஸ்ரேயைப் பார்த்த நிபுணர்கள் மாஸ்டருக்கு உடைந்த எலும்பே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். இப்படியாக மதிப்பீடு முழுமை அடைந்தது. வீரர் களத்துக்குத் திரும்பலாம் என்று அறிவித்தார்கள்.

மாஸ்டரை வழியனுப்பிய அதே நாளில்தான் தலைவரும் வேலைக்குத் திரும்பினார். கையில் அழகான பட்டை, விரல்கள் எல்லாம் துறுதுறுவென்று அசைந்தன. வாசலிலிருந்து அவர் அறை வரைக்கும் எல்லோரும் வரிசையாக நின்று கை தட்டினார்கள். மாஸ்டரையும் வரிசையில் நிறுத்தியிருந்தார்கள்.

"வீரரே, நீங்களும் தட்டுங்க" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

மாஸ்டர் இடது கையால் வலது கையைத் தூக்கி நெஞ்சுக்கு நேராக வைத்தார். தட்டுவதற்காக இடது கையை எடுத்ததும் வலது கை பொத்தென்று மடங்கி விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தார். மறுபடி விழுந்தது.

தலைவர் நின்றுவிட்டார். முதல் முறையாக அந்தக் கையைப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையாகவே இரக்கம் வந்தது. பொய் சொல்லக் கூடாது.

"என்னய்யா இது, மணிக்கட்டு தொங்குது? நரம்புல அடி பட்டிருக்கே! இதை முன்னாடியே யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

மாஸ்டர் விழுந்த கையை எடுத்து மறுபடி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "சொல்லியிருக்கணுங்க" என்றார்.

"சரி விடுங்க. இப்பவாவது தெரிஞ்சுதே. மணிக்கட்டு அடுத்த கட்டடம்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் உள்ளே போனார்.

அடுத்த கட்டடத்தின் வாசலிலும் ஒரு காவலாளி இருந்தார். அவர் தட்டியதும் உள்ளே எல்லோரும் எழுந்து தட்டினார்கள். வேறொரு பெண் முன்னால் வந்தார். "வாங்க வீரரே! எப்படி ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டரின் மனைவி கணவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் இத்தனை நாளில் ஒரு பாடம் கற்றிருந்தார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாருங்க!" என்றார், கட்டடம் முழுக்கக் கேட்கும்படி.

கை தட்டல் நின்றது.

"அப்போ இது விளையாட்டுக் காயமே இல்லையே" என்றார் அந்தப் பெண். "நீங்க எலும்பு ஆஸ்பத்திரிக்கில்ல போகணும்?"

"இல்லைங்க, இல்லைங்க, விளையாட்டுதான். கை மடக்குற பந்தயம். நான்தான் தெரியாம..."

"இனிமே முடியாதும்மா" என்றார் அந்தப் பெண். "நான் காதால கேட்டுட்டேன்."

எலும்பு ஆஸ்பத்திரிக்கும் போனோம். எலும்பு ஒட்டிவிட்டதால் அங்கே பார்ப்பதற்கு எலும்பு இல்லை என்று சீட்டு எழுதுமிடத்திலேயே சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழி அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் முன்னால்தான். மாஸ்டர் போவதைப் பார்த்ததும் காவலாளி எழுந்து நின்று பலமாகக் கை தட்டினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அங்கே மாஸ்டருக்கு ஒழுங்காக ஏதாவது செய்தவர் அவர் ஒருவர்தான்.

மாஸ்டர் நின்றார். மரியாதை தெரிந்த மனிதர், பதிலுக்கு ஏதாவது செய்யாமல் போக மனம் வரவில்லை. இடது கையால் தன் தொடையில் இரண்டு தட்டு தட்டிக் காட்டிவிட்டு நடந்தார். எலும்பு உடைந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அவர் மனைவி அப்போதுதான் அழுதார்.